ரூபீனா என்று பேர் வெட்டிய குண்டான்

தங்கம் சென்னைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அத்தனை வருஷமும், தி.நகரில் தான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையின் ஹாஸ்டலில்தான் இருந்தாள். ஒரே அறையில் எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு பெட்டி. பட்டுப்புடவை செக்‌ஷனில் நின்று நின்று காலில் நரம்பு புடைத்துக்கொண்ட பிறகு, முப்பத்தெட்டாவது வயதில், மயிலாப்பூரில் ஒரு மாடி போர்ஷனை வாடகைக்கு எடுத்தாள். கதவைச் சாத்தினால் உள்ளே அவள் மட்டும்தான்.

பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் ஓர் எவர்சில்வர் குண்டான் வாங்கினாள். பாத்திரக்கடை வாசலில் பேர் வெட்டுகிறவர் உட்கார்ந்திருந்தார்.

"இனிஷியல் போடணுமா?"

"வேண்டாண்ணே. 'தங்கம்'னு மட்டும் போடுங்க."

ஊரில் அவர்கள் வீட்டுப் பாத்திரங்களில் அப்பா பேர் இருக்கும், அண்ணன் பேர் இருக்கும். அவள் பேர் எதிலும் இருந்ததில்லை.

கடையில் நல்ல கூட்டம். காகிதம் சுற்றி அவர் பக்கத்தில் வைத்திருந்த குண்டானை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். நல்ல காரியத்துக்கு வாங்கியதை நேரம் வருவதற்குள் பிரிக்கக் கூடாது என்று ஓர் எண்ணம். அதனால் வீட்டுக்குப் போயும் பிரிக்கவில்லை.

மறுநாள் காலை தீபிகா வந்தாள். கடையில் பில் போடும் பெண். தங்கத்தைவிடப் பத்து வயது இளையவள். சமையல்கட்டில் பல்பு இன்னும் மாட்டவில்லை. தங்கம் அவசரமாகக் காகிதத்தைப் பிரித்து, குண்டானைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்துப் பாலை ஊற்றினாள். பால் நுரைத்து எழும்பிப் பொங்கி வழிந்தபோது அவள் கண்ணும் நிறைந்துவிட்டது.

அடுப்பைத் தணிக்கக் குனிந்த தீபிகா விளிம்பைப் பார்த்தாள்.

"அக்கா, ரூபீனா யாரு? வீட்டுக்காரம்மாவா?"

தங்கத்துக்குப் பகீர் என்றது. தீபிகாவுக்கோ சிரித்த சிரிப்பில் மூச்சுத் திணறியது.

"வர்ற கஸ்டமர்கிட்டயெல்லாம், பில்லையும் பொருளையும் சரிபாத்து எடுத்துட்டுப் போங்கன்னு சொல்ற வாய்தானே இது?"

"வாய மூடுடி."

பாத்திரக்கடை திறந்ததும் பில்லில் இருந்த நம்பருக்குத் தங்கம் போன் செய்தாள். "அது நீங்கதானா?" என்றார் கடைக்காரர். "உங்க குண்டான எடுத்துட்டுப் போன அம்மா, பேரப் பாத்துட்டு நேத்தே திரும்பி வந்து எங்கள உண்டு இல்லைன்னு ஆக்கிட்டாங்க. அது அவங்ககிட்டதான் இருக்கு. பொண்ணுக்கு நாளைக்கு நிக்காஹ். சீர்ப் பாத்திரம் இன்னிக்குச் சாயங்காலம் மாப்பிள்ள வீட்டுக்குப் போவுதாம்." தேனாம்பேட்டை விலாசமும் கொடுத்தார்.

தங்கம் குண்டானைத் தேய்த்தாள். சோப்புப் போட்டாள், எலுமிச்சம்பழம் போட்டாள். வழிந்த பால் கருகிய தடம் மட்டும் அடிப்பக்கத்தில் பழுப்பாக நின்றது.

"புதுப் பேப்பர்ல சுத்திக் குடுத்துட்டு வந்துருக்கா. அடியத் திருப்பியா பாக்கப் போறாங்க?" என்றாள் தீபிகா.

ஒரு தடவை உடுத்திய புடவையை மடித்து, புதுசு என்று சொல்லித் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் எத்தனையோ பேரைத் தங்கம் பார்த்திருக்கிறாள். அவர்கள் போனதும் கடையில் என்ன பேசிக்கொள்வார்கள் என்றும் தெரியும். ஆனால் உண்மையைச் சொன்னால், ஒரு கல்யாணப் பெண்ணின் சீரைக் கெடுத்தவள் என்று ஆகிவிடும். தீபிகாவோடு பஸ் ஏறி, தேனாம்பேட்டையில் அவளைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுப் போனாள்.

கதவைத் திறந்தது பெண்ணின் அம்மா ஃபிசா. கை முழுக்க மருதாணியோடு ரூபீனா பின்னால் நின்றாள். தங்கம் வாசலிலேயே காகிதத்தைப் பிரித்து, அடியைத் திருப்பிக் காட்டினாள்.

"தெரியாம எடுத்துட்டேன்க்கா. காலைல இதுலதான் பால் காய்ச்சிட்டேன். புது வீடு. இன்னிக்கே வேற வாங்கி, பேர் வெட்டிக் கொண்டாந்துடுறேன். மன்னிச்சுக்கங்க."

ஃபிசா குண்டானை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். முகம் இறுகியிருந்தது.

"இன்னாம்மா நீ? சீர்ப் பாத்திரத்துல அடுப்பேத்திட்டு வந்து கீற."

ஃபிசா அந்தத் தடத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"சரி, பொங்குச்சா?"

"பொங்குச்சுக்கா."

"எந்தப் பக்கம் வழிஞ்சுது?"

"கிழக்கால."

ஃபிசா மகளைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாடி சொல்ற? வேற வாங்கலாமா?"

"இதுவே இருக்கட்டும்மா," என்றாள் ரூபீனா. "அந்த வீட்டுல மொத நாளு அடுப்பு பத்த வைக்கறப்போ எனக்குக் கையி ஒதறும். இதுக்காச்சும் வேல தெரிஞ்சிருக்கும்ல?"

ஃபிசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமியா கேட்டா இன்னாடி சொல்லுவ?"

"ட்ரையல் பாத்து வாங்குனதுன்னு சொல்லுவேன்."

தங்கத்தின் குண்டான் அலமாரி மேல் இருந்தது. பேரைப் பார்த்துவிட்டு மறுபடியும் காகிதம் சுற்றி நூல் கட்டி வைத்திருந்தார்கள். ஃபிசா அதைப் பிரித்து, பேரைச் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுக் கையில் கொடுத்தார்.

"தங்கம். இந்தவாட்டி பாத்து எடுத்துக்க தாயி. நாளைக்குச் சாப்பாட்டுக்கு வந்துடு. அந்தப் பல்லக் காட்டுற பொண்ணயும் இட்டுகினு வா."

தங்கம் திரும்பிப் பார்த்தாள். தெருமுனையில் நின்று தீபிகா எட்டி எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நாள் முழுக்க வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நன்றி சொல்வதுதான் தங்கத்தின் வேலை. அன்றைக்கு அந்த வாசலில் அந்த ஒரு வார்த்தை போதாது என்று தோன்றியது. ரூபீனாவின் மருதாணி கலையாமல், மணிக்கட்டை மட்டும் ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டாள்.