செயற்கைக் காலுக்கு ஓர் அருவி

ஆனி மாதம் தென்காசியில் வேலை பார்ப்பது கடினம். மலைப்பக்கமிருந்து வரும் காற்று மாடி அறைக்குள் நுழைந்து, மேசையில் இருப்பதையெல்லாம் லேசாக நனைத்துவிட்டு, மன்னிப்பும் கேட்காமல் போகும். சாரல் பெய்கிறதா, மேகம்தான் தெருவுக்கு இறங்கி வந்துவிட்டதா என்று தெரியாது. அந்த அறையில் உட்கார்ந்து நான் கணினிக்குள் தண்ணீர் விழ வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குச் சம்பளமும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

செயற்கைக் கால் செய்யும் நிறுவனம் எங்களுடையது. வயலிலும் குளியலறையிலும் கழற்றாமல் நடக்கக்கூடிய ஒரு கால் செய்ய வேண்டும் என்பது அப்போதைய திட்டம். அதன் ரப்பர் பாதம் ஈரத் தரையில் எப்படி ஊன்றும், எங்கே நழுவும் என்று கணினியில் நடத்திப் பார்ப்பது என் வேலை. அதே பாதத்தை வார்த்து, இயந்திரத்தில் மாட்டி, நாள் முழுக்க மிதிக்கவிட்டுப் பார்ப்பது கோயம்புத்தூர் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் ஒரு அம்மாவின் வேலை. என் பாதங்கள் தேய்வதே இல்லை. அவருடையவை தேய்ந்தும் கிழிந்தும் அலமாரியில் வரிசையாக இருக்கும்.

திரையில் தண்ணீர் நீலத்தில் தொடங்கி, பாதத்தின் ஓரத்தில் பச்சையாகி, விரலடியில் சிவக்கும். அதற்குச் சத்தம் கிடையாது. வெளியே ஓடு வழியாகச் சொட்டுகிற சத்தத்தை அதற்கு இரவல் கொடுத்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் செருகும்போது, திரையில் நடக்கும் அந்த ஒற்றைப் பாதம் என் முழங்காலுக்குக் கீழே வந்து ஒட்டிக்கொண்டு, குற்றாலத்துப் பாறைகள்மேல் என்னைக் கூட்டிக்கொண்டு போவதுபோல இருக்கும். மனைவி காப்பியுடன் வந்து, "ஆபீஸ் நேரத்துல இப்படித் தூங்குனா கம்பெனி உருப்பட்டாப்லதான்" என்பாள். தூங்கவில்லை, தண்ணீரின் பாய்வைக் கவனிக்கிறேன் என்பேன். இதை என் அண்ணனிடம் சொல்லிப் பாருங்கள் என்பதைப்போல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள்.

அந்த அண்ணன்தான் இந்தக் கதையின் ஆள். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கிறார். எனக்கு அத்தான். சர்க்கரை நோயில் ஒரு சின்னப் புண் பெரிதாகி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது போட்டிருக்கும் காலில் கடைக்குப் போவார், லாரியில் மூட்டை ஏறுவதைப் பார்ப்பார், சண்டை போடுவார். தண்ணீரில் மட்டும் அதைக் கழற்ற வேண்டும். கழற்றிவிட்டு இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு அருவிக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சீசனுக்குச் சீசன் குற்றாலத்தில் கிடந்த மனிதர், கால் போனதிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை.

எங்கள் புதுக் காலைப் போட்டுப் பார்க்க முன்வந்தவர்களில் அவரும் ஒருவர். சொந்தக்காரர் என்பதை நிறுவனத்திடம் சொல்லிவிட்டேன். மருத்துவமனைக் குழுவும் சம்மதித்திருந்தது. ஆனால் பாதம் எல்லாச் சோதனையும் தாண்டிய பிறகுதான் மனிதர் காலில் ஏறும். அத்தான் தினமும் போன் செய்வார்.

"என்ன மாப்ள, உம்ம கம்ப்யூட்டர்ல தண்ணி விழுதா?"

"விழுது அத்தான்."

"குளிச்சுப் பாத்தீரா?"

"அது குளிக்கிற தண்ணி இல்ல அத்தான், கணக்கு."

"சரி வே, அந்தக் கணக்க சீக்கிரம் முடியும். சீசன் முடிஞ்ச பொறவு நான் கால வச்சிக்கிட்டு எலுமிச்சையவா மிதிக்க?"

அந்த வாரக் கூட்டத்தில் மேலாளர் ஒரு யோசனை சொன்னார். இதுவரை கணினி சொன்னதும் ஆய்வுக்கூடம் சொன்னதும் ஏறக்குறைய ஒத்துப்போயிருக்கின்றன. ஆகவே ஈரத்தில் வழுக்கும் சோதனையைக் கணினியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆய்வுக்கூடம் செய்தால் சீசன் தாண்டிவிடும். அத்தானுக்கு இந்தச் சீசனிலேயே கால் கிடைத்துவிடும் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கோயம்புத்தூர் அம்மா திரையின் ஒரு மூலைக் கட்டத்திலிருந்து நிதானமாகக் கேட்டார்:

"ஏனுங்க சார், உங்க கம்ப்யூட்டர் ஒரு நாளாச்சும் வழுக்கி விழுந்திருக்குதுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தேன். மறுநாளே கருத்தைச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். கணினியே போதும் என்றுதான் சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியும். கடைசியாக ஒரே ஒரு விவரம் மட்டும் பாக்கி: அருவித் தரையின் சொரசொரப்பு. அதைப் பார்த்துவிட்டால் மனசாட்சிக்கும் ஒரு காப்பி வாங்கிக் கொடுத்ததுபோல ஆகும் என்று விடியற்காலையில் குற்றாலத்துக்குப் போனேன்.

அருவி மூடுபனிக்குள் எங்கிருந்தோ விழுந்துகொண்டிருந்தது. எண்ணெய் கூடாது என்று பலகை இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் ஆட்களைக் குப்புறப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தேய்த்து எழுந்தவர்கள் பனிக்குள் மினுமினுத்துக்கொண்டு, இப்போதுதான் கோயிலிலிருந்து கிளம்பி வந்த செப்புச் சிலைகளைப்போல வரிசையில் நடந்தார்கள். நானும் உடம்பெல்லாம் தேய்த்துக்கொண்டேன். குற்றாலத்தில் வேறெப்படிக் குளிப்பது? வரிசையில் நின்றேன். பக்கத்தில் இருந்தவரின் முதுகிலிருந்து வழிந்தது என் காலடிக்கு வந்தது. என்னுடையது பின்னால் வந்தவருக்குப் போனது. அருவிக்குள் முதல் அடி வைத்தேன். அடுத்த அடியைத் தரை எடுத்துவைத்தது.

உட்கார்ந்தேன் என்று சொல்வது மரியாதைக்காக. தலைமேல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க, கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு, இந்த உலகமே வெள்ளையாகவும் சத்தமாகவும் இருக்க, நான் மிகத் தெளிவாக ஒன்றைப் பார்த்தேன். என் கணக்கில் தண்ணீரின் எடை இருக்கிறது, குளிர் இருக்கிறது, ரப்பரின் மென்மை இருக்கிறது. எண்ணெய் இல்லை. வெளியூர்க்காரன் ஒருவன் இந்த வேலையைச் செய்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பான், இங்கே ஏன் எல்லோரும் மினுங்குகிறார்கள் என்று. எனக்கு எண்ணெய் என்பது தோலின் ஒரு பகுதி. அதை யார் தனியாகக் கணக்கில் எழுதுவார்கள்?

"அண்ணாச்சி, பைய எந்திங்க. எண்ணெயும் தண்ணியுமாக் கெடக்கு" என்று ஒருவர் கை கொடுத்தார். "மொத தடவையா வாரிய?"

ஆமாம் என்றேன்.

ஆய்வுக்கூடச் சோதனையை விட முடியாது என்று மேலாளருக்கு எழுதிவிட்டு, கோயம்புத்தூருக்கும் அன்றே சொன்னேன். அந்த அம்மா சிரிக்கவில்லை, அடி பட்டதா என்று கேட்டார். பிறகு, "என்ன எண்ணெய்ங்க? நல்லெண்ணெய்ங்களா, தேங்காயெண்ணெய்ங்களா? ரெண்டையும் அனுப்புங்க. அந்த மாதிரிக் கல்லும் ஒரு பலகை வேணுங்க" என்றார். அத்தானிடம் சொல்வதற்குத்தான் புளியங்குடிவரை நேரில் போக வேண்டியிருந்தது. கடை முழுக்க எலுமிச்சை வாசம். மஞ்சள் குவியல்களுக்கு நடுவே நாற்காலியில் இருந்தார். நான் விழுந்ததையும் கால் தள்ளிப்போவதையும் சொன்னேன். ஒரு பழத்தை எடுத்து உருட்டிக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு காலும் உள்ள நீரே விழுந்திட்டீரு, என்ன?"

"விழுந்திட்டேன் அத்தான்."

"அப்ப நான் எண்ணெய் தேய்க்காமப் போறேன். முடிஞ்சுதுல்லா?"

"உங்களுக்கு முன்னால போனவன் தேய்ச்சிருப்பானே அத்தான்."

அவர் பழத்தைக் குவியலில் வைத்துவிட்டார். வெளியே லாரிக்காரனைப் பார்த்து, தேவைக்கு மேல் சத்தமாக, ஏதோ திட்டினார். காப்பி வந்தது. அவர் குடிக்கவில்லை. நான் எழுந்து வரும்போது, "இந்த வருஷமும் போச்சு" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

எண்ணெய் பூசிய கல்லில் எங்கள் பாதம் நன்றாக வழுக்கியது. எவ்வளவு வழுக்குகிறது என்று கோயம்புத்தூர் அளந்து சொன்னதும், அந்த அளவை என் கணினிக்கு ஊட்டினேன். அடிப்பாகத்தில் பள்ளங்கள் வெட்டி, வளைத்து, குறுக்கே கீறி, விதவிதமான வடிவங்களை அது சலிக்காமல் நடத்திப் பார்த்தது. அத்தனையையும் ரப்பரில் வார்த்துப் பார்ப்பதென்றால் அந்த அம்மா பணி ஓய்வே பெற்றிருப்பார். தேறியவற்றை மட்டும் அனுப்பினேன். கணினி முதல் மார்க் போட்ட வடிவம் இயந்திரத்தில் ஓரம் பிய்ந்து நாக்கைத் தொங்கவிட்டது. மூன்றாவதாக வந்தது நின்றது. ஏன் அது என்று எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை. ஆனால் அவரால் அதைக் கையில் எடுத்துக் காட்ட முடிகிறது.

சீசன் போய், தீபாவளியும் போய், ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில் ஐந்தருவியில் அளவாகத் தண்ணீர் விழுந்தது. கூட்டமில்லை. அத்தான் புதுக் காலைப் போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் மருத்துவமனைப் பிசியோதெரபிஸ்ட், மறுபக்கம் நான் என்று நடந்தார். எங்கள் கைகள் அவரைத் தொடாமல் காற்றில் காத்திருந்தன. அவர் உள்ளே போனார். தண்ணீர் தலையில் விழுந்ததும் தோள்கள் இரண்டும் இறங்கின. கண்ணை மூடிக்கொண்டார். வாய் அசைந்தது. என் வேலை, பாதத்தைக் கவனித்து, எங்கே ஊன்றுகிறது, எங்கே நகர்கிறது, எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்வது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை.

வெளியே வந்து பாறையில் உட்கார்ந்து துவட்டிக்கொண்டிருக்கும்போது கோயம்புத்தூரிலிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னாச்சுங்க?"

"நின்னாரு."

"எவ்வளவு நேரமுங்க? முன்பாதம் நகந்துச்சுங்களா?"

"பாக்கலை."

"ஒரு தடவை நின்னதையெல்லாம் சோதனைன்னு எழுத முடியாதுங்க சார். திருப்பிச் செய்யணும்."

அத்தான் தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டு, துண்டை என் தோளில் போட்டார்.

"அந்த அம்மா சொல்லுதது நியாயம்தான். எந்திரியும் மாப்ள" என்று சொல்லிவிட்டு, யாருக்கும் காத்திராமல், அருவியைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.