ஆட்டோவில் போன கைபேசி

தொடுதிரை போனை ஒரு தடவைகூடக் கையில் பிடித்துப் பார்க்காமல் அதற்குப் புரோகிராம் எழுத உட்கார்ந்தவன் நான். பெண்ணைப் பார்க்கும் முன்பே பத்திரிகை அடித்துவிட்ட மாப்பிள்ளையின் அவசரம். காரணம் இருந்தது. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையின் சின்னப் பட்டறைகளுக்கு பில் போடவும் இருப்பு பார்க்கவும், கறுப்புத் திரையில் ஓடும் புரோகிராம்களை எழுதிக் கொடுத்தே நரை வாங்கியிருந்தேன். இரண்டாயிரங்கள் முடிகிற அந்தச் சமயத்தில் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வண்ணத் திரைக்காரர்களிடம் போய்க்கொண்டிருந்தார்கள். மிஞ்சியவர்களில் முக்கியமானவர், தகடு வளைத்து கார் கம்பெனிகளுக்கு அனுப்பும் பாய்.

பாய்க்கு ஹஜ் போகக் குலுக்கலில் பெயர் வந்திருந்தது. மனைவியோடு நாற்பது நாள்.

"அங்கேர்ந்தே எத்தனை பீஸ் ஓடுச்சு, லோடு போச்சான்னு போன்ல பாக்க முடியுமா சார்?"

முடியும் என்றேன். என் தொழிலில் முதலில் முடியும் என்று சொல்லிவிட்டு, எப்படி என்பதை வீட்டுக்குப் போய் யோசிப்பதுதான் வழக்கம். துபாயில் இருந்த அவர் மச்சான் போன் கொண்டுவரத் தயார். ஆனால் புரோகிராம் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பாய் வாங்கச் சொல்வார். இது கைகூடினால் பேட்டையில் நானும் புது ஆள். கைகூடாவிட்டால் கறுப்புத் திரையோடு சேர்ந்து அணைய வேண்டியதுதான்.

போன் இல்லாமல் போனுக்கு எழுதுகிறவர்களுக்கென்றே எமுலேட்டர் என்று ஒன்று உண்டு. கணினித் திரையில் ஒரு போனின் படம் வரும். வெறும் படமல்ல, நிஜ போனுக்குள் என்ன ஓடுமோ அதுவே இதற்குள்ளும் ஓடும். விரலுக்குப் பதில் மவுஸ். சேலையூர் வீட்டு இணைப்பில் அது இறங்குவதற்குள் எத்தனையோ தடவை அறுந்து, ஆரம்பத்திலிருந்து தொடங்கியது. இறங்கிய பிறகு, நிறுவ வேண்டுமானால் வேறொன்று வேண்டும் என்றது. அதை வைத்தால், அதற்கு இன்னொன்று. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அலைந்திருந்ததால் எனக்கு இது பெரிய அதிர்ச்சியாக இல்லை.

"போனுக்குள்ள கம்ப்யூட்டர் வந்துடுச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்கான். நீங்க கம்ப்யூட்டருக்குள்ள போனை வெக்கிறீங்க" என்றாள் மனைவி. பதில் சொல்ல முடியாத கேள்விகளைக் கேள்வியாகக் கேட்காமல் தகவலாகச் சொல்வது அவள் பழக்கம்.

அது எழுந்திருக்கிற வேகம் தனிக்கதை. நான் தட்டிவிட்டால், அவள் அரிசி களைந்து, குக்கர் வைத்து, விசில் அடங்கி இறக்குவதற்குள் திரையில் எழுத்து மின்னிக்கொண்டே இருக்கும். எழுந்துவிட்டதோ, பிறகு அதைப் போல உத்தமமான போன் கிடையாது. பேட்டரி இறங்காது, சிக்னல் குறையாது, யாரும் கூப்பிட மாட்டார்கள். அழைப்பு வந்தால் புரோகிராம் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்க, நானே என்னைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. மணி அடித்ததும் சமையலறையிலிருந்து, "யாரு?" என்றாள். "நான்தான்" என்றேன்.

காட்ட வேண்டிய நாளும் வந்தது. மடிக்கணினி இல்லை. பின்பக்கம் புடைத்த மானிட்டரைப் போர்வையில் சுற்றி ஆட்டோ சீட்டில் உட்கார்த்தி, கணினிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.

"டிவி ரிப்பேரா சார்?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்ல, செல்போன்."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். பல்லாவரம் தாண்டி பம்மல் வரும்வரை அடிக்கடி பார்த்துக்கொண்டே வந்தார்.

பட்டறையில் போர்மேன் கைகொடுத்து இறக்கினார். என் வயசுதான் இருக்கும், பாயிடம் பல வருஷமாக இருப்பவர்.

"இன்னா சார், டிவி எட்துகினு வந்துகீறீங்க. மேட்சு கீதா?"

"சும்மா இருப்பா. சார் போன் காட்ட வந்திருக்காரு" என்றார் பாய்.

"போனா? இத்த எந்தப் பாக்கெட்ல வெப்பீங்க பாய்?"

ஆபீஸ் அறையில் எல்லாவற்றையும் பட்டறைக் கணக்கு ஏறும் கணினியோடு இணைத்து எமுலேட்டரைத் தட்டிவிட்டேன். எழுத்து மின்ன ஆரம்பித்த நேரம் பார்த்து, வெளியே யாரோ வெல்டிங் வைத்தார்கள். விளக்கு மங்கியது, கணினி அணைந்து மறுபடி எழுந்தது. திரும்ப முதலிலிருந்து. இந்த முறை தகடு வளைக்கும் பிரஸ் இறங்கியது. மறுபடியும் அதே கதை. பாய் வாசலில் நின்று, "எல்லா மெஷினையும் கொஞ்ச நேரம் நிறுத்துங்கப்பா" என்றார்.

வேலை நாளில் அந்தப் பட்டறை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஆட்கள் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் வந்து நின்றார்கள்.

"எய்ந்துகிச்சா சார்?" என்றார் போர்மேன்.

"இன்னும் இல்ல."

"நம்ம ஜெனரேட்டரே இதுக்கு முன்ன எய்ந்துக்கும்."

காத்திருக்கிற நேரத்தில் பாய் அவரிடம் திரும்பினார். "நான் இல்லாதப்போ தகடு வரலேன்னா என்ன பண்ணுவே?"

"பக்கத்து கம்பெனில வாங்கி ஓட்டுவேன். நீங்க அப்டித்தான பண்றீங்க?"

"எனக்கு போன் பண்ண மாட்டியா?"

"பண்ணி? அங்கேர்ந்து தகடு அனுப்புவீங்களா?"

எல்லோரும் சிரித்து முடிக்கும்போது போன் எழுந்தது. என் புரோகிராமைத் திறந்து மவுஸை பாயிடம் கொடுத்தேன். இன்று ஓடிய பீஸ் இவ்வளவு, போன லோடு இவ்வளவு என்று வரிசையாக வந்தது. பாய் முகம் மலர்ந்தது. புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினார். அதே எண். சற்றுப் பொறுத்து மறுபடி. அதே எண். மூன்றாவது தடவை அழுத்தும்போது நெற்றி சுருங்கியிருந்தது.

"ஏன் சார் ஏறவே மாட்டேங்குது?"

"மெஷின் நிறுத்தி வெச்சிருக்கு பாய்."

மவுஸிலிருந்து கையை எடுத்தார். 

"நிறுத்தச் சொன்னது நாந்தான். பக்கத்துலயே உக்காந்திருக்கேன். அப்பவும் கை பட்டனுக்கே போகுது. அங்க துவாவுக்குக் கையேந்தி நிக்கும்போது இதத்தான் நெனச்சிட்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "இது நல்லா வேலை செய்யுது சார். அதனாலதான் வேணாம்."

வேலை செய்யாததால் திருப்பியனுப்பப்பட்ட புரோகிராம்கள் என் வாழ்க்கையில் ஏராளம். வேலை செய்ததால் தோற்றது இது ஒன்றுதான். ஆனால் எனக்குள் இருக்கும் வியாபாரி அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. "ஒரு நாளைக்கு ஒரு தடவ மட்டும் காட்டுற மாதிரி மாத்திடலாம் பாய்" என்றேன்.

"அப்போ மிச்ச நேரமெல்லாம் அந்த ஒரு தடவைக்குக் காத்துட்டு இருப்பேன்."

மானிட்டரை மறுபடி போர்வையில் சுற்றினேன்.

திரும்பும்போது கம்பெனியின் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி அனுப்பினார். மானிட்டரைப் பிடித்துக்கொள்ள போர்மேன் கூட வந்தார். அனகாபுத்தூர் வரை கேலி செய்துகொண்டு வந்தவர், திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

"அவரு முன்னாடி சொல்ட்டேன் சார். பக்கத்து கம்பெனிக்காரன் பாய் மூஞ்சிக்குக் குடுப்பான். என் மூஞ்சிக்குக் குடுப்பானா?"

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. இதை அப்படியே பாயிடம் போய்ச் சொன்னால் போதும். பயந்துபோவார், மறுநாளே துபாய்க்குத் தகவல் போகும், போன் வரும், நான் புது ஆளாகிவிடுவேன். வண்டி தாம்பரத்தில் சிக்னலுக்கு நின்றபோதும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"பேஜாராச்சுன்னா எனக்குக் கூப்பிடுங்க" என்று என் வாய் சொன்னது.

"ஒங்களுக்குத் தகடு பத்தி இன்னா சார் தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது."

பாய் விமானம் ஏறிய பிறகு போர்மேன் கூப்பிடத்தான் செய்தார். தகடு வரவில்லை, லோடு வண்டி நின்றுவிட்டது, ஒருத்தன் லீவு கேட்கிறான். பாய் இருந்தால் என்ன கேட்பாரோ அதை யூகித்து, "சரி, நீ என்ன பண்ணலாம்னு நெனைக்கிற?" என்பேன். மரியாதையை விட்டுவிட்டு, பாய் பேசுகிற மாதிரியே.  அவரே ஒரு வழி சொல்வார். "அப்டியே பண்ணு" என்று சொல்லி வைத்துவிடுவேன்.