மாமாவுக்கு ஓதிய இரண்டு கத்தங்கள்

என் மாமாவுக்கு இரண்டு தடவை கத்தம் ஓதினோம். மௌத்தானவருக்காக, அதாவது இறந்தவருக்காக, குர்ஆன் ஓதி, ஊருக்குச் சோறு கொடுப்பதுதான் கத்தம். முதலாவதற்கு அவரே வந்து சாப்பிட்டார்.

மாமா உம்மாவின் ஒரே தம்பி. எங்கள் ஊரான எத்தாளையில் மற்றவர்கள் மீனுக்காகக் கடலில் இறங்குவார்கள். இவர் சும்மா இறங்குவார். ஒற்றை ஆள் உட்காரும் கயாக் படகில், போனில் படம் பிடித்துக்கொண்டு, தனியே இலங்கையைச் சுற்றிவரப் புறப்பட்டார். ஊரே தலையில் அடித்துக்கொண்டது. மன்னார்ப் பக்கம் துடுப்பு மட்டும் கரையொதுங்கியது. தேடியவர்களும் கைவிட்டார்கள். அடக்க மையித்து இல்லாமலே நாற்பதாம் நாள் கத்தத்துக்கு ஆட்டிறைச்சி ஆக்கினோம்.

ஓத வந்த லெப்பை துஆக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கடல் பக்கத்து வாசலில் மாமா நின்றார். தோல் உரிந்து, உதடு வெடித்திருந்தது. அவர் வளர்த்த பூனையே அவரைக் கண்டு சீறியது. ஆமீன் சொன்ன வாய்களெல்லாம் அப்படியே நின்றுவிட்டன.

மௌத்தானவரின் உருவில் ஜின் வரும் என்பது எங்கள் பக்கத்துப் பயம். உம்மா கிட்டப் போகவில்லை.

“மனிசனெண்டாக் கலிமாவச் சொல்லு,” என்றார்.

மாமா ‘லா இலாஹ இல்லல்லாஹ்’ என்று சொன்னார். பிறகு, “பசிக்கிது ராத்தா,” என்றார்.

தன் கத்தச் சோற்றை அவர் வழித்துச் சாப்பிட்டதைச் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தோம். ஏதோ தீவில் மீனவர்கள் தங்கும் ஒரு மீன்வாடியில் இருந்தாராம்.

“சொல்லியனுப்ப ஒருத்தருமே இல்லையாடா?”

“இருந்தாங்க. நான்தான் சொல்லல்ல. ஒருத்தரும் தேடாத எடத்துல இரிக்கிற சொகம் உங்களுக்கு வெளங்காது ராத்தா.”

அன்று முழுக்க உம்மா அவருடைய சட்டை நுனியை விடவில்லை.

அடுத்த வருடம் புதுப் படகில் மறுபடி போனார். இந்த முறை துடுப்புக்கூடக் கிடைக்கவில்லை.

உம்மாதான் கத்தத்துக்கு அவசரப்பட்டார். நாற்பது நாள் ஆகட்டும் என்று வாப்பா சொல்லியும் கேட்கவில்லை. போன முறையைவிடக் கூடுதலாக ஆக்கினார். லெப்பை ஓதும்போது மற்றப் பெண்களெல்லாம் அழுதார்கள். உம்மாவின் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கடல் பக்கத்துக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொந்தத் தம்பியை இவ்வளவு சீக்கிரம் மையித்தாக்கிவிட்டாரே, இதென்ன கல்நெஞ்சு என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

போன தடவை கத்தம் ஓதியபோதுதான் தம்பி வாசலில் வந்து நின்றான் என்பதை நம்பித்தான் உம்மா உலை வைத்தார் என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.