ஒத்தட அரிசி

காலையில் ரப்பர் பால்மரம் வெட்டப் போகிறவர்களின் மடியைத் தோட்ட வாசலில் காவலர்கள் தடவிப் பார்க்கிறார்கள். கத்திக்காக அல்ல, அரிசிக்காக. ஊரில் இருப்பவர்களே, சிரிக்காதீர்கள். மலாயாவில், நெகிரி செம்பிலானில் எங்கள் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடுமாம். வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி கொண்டுபோனாலும் ஜெயில். நம் பக்கத்தில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு வெறுங்கையோடு போனால் பேச்சு வாங்குவோம், படி அரிசியாவது மடியில் இருக்கும். இங்கே அந்த மடிதான் குற்றவாளி.

நான் தோட்ட ஆஸ்பத்திரியில் ஆயா. பள்ளிக்கூடம் போனவள் இல்லை, பொட்டலக் காகிதத்தில் எழுத்துக் கூட்டிக் கற்றவள். "கொறமாசப் பிள்ளைக்குச் சூடுதான் மொத மருந்து, பாலெல்லாம் அப்புறம்" என்பார் எங்களுக்கு மருந்து கொடுக்கும் டிரசர் ஐயா. மரப்பெட்டியில் பஞ்சு பரப்பி, துரை வீட்டு பீர் புட்டிகளில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றிப் பிள்ளைக்கு இருபுறமும் வைப்போம். எங்களிடம் இருந்த மெஷின் அதுதான். சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் பல்பு எரியும் கண்ணாடிப் பெட்டி இருந்தது.

செல்லம்மாவுக்கு ஏழாம் மாதமே வலி கண்டுவிட்டது. பெண் குழந்தை, என் முழங்கை நீளம்கூட இல்லை, பாதம் நீலம். தாயின் உதிரப்போக்கோடு போராடிக்கொண்டே டிரசர் வாசல் காவலுக்கு ஒரு கடிதம் எழுதித் தந்து, லாரியில் சிரம்பானுக்குக் கொண்டுபோகச் சொன்னார். முன்பு ஒருமுறை லாரிக் குலுக்கலில் புட்டி உடைந்து ஒரு பிள்ளையின் கால் வெந்திருந்தது. அதனால் எனக்கு ஊர்ப் புத்தி வந்தது. எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தால் அம்மா அரிசியை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பாள். இதமாக இருக்கும், சீக்கிரம் ஆறாது. என் ரேஷன் அரிசியை வறுத்து ஆறு முடிச்சுகள் போட்டுக் குழந்தையைச் சுற்றி அடுக்கினேன். வாசல் சோதனை என் நினைவிலேயே இல்லை. கடிதத்தில் பிள்ளை இருந்தது, அரிசி இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. வாசலில் மலாய்க்காரக் காவல்காரர் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு முடிச்சை எடுத்தார்.

"பெராஸ்! அரிசி லா, அக்கா!"

"திங்கிற அரிசி இல்லய்யா, ஒத்தடம். தொட்டுப் பாருங்க, சூடு."

தொட்டதும் முகம் இன்னும் இறுகியது. "சூடா? அப்போ சமைச்சது. காட்டுக்காரன் அப்படியே தின்னுவான். விட்டா என்னைய உள்ள போடுவாங்க லா!"

ஆறு முடிச்சையும் எடுத்துக்கொண்டார். பிறகு குழந்தையைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, தன் மழைக்கோட்டைக் கழற்றிப் பெட்டிமேல் போர்த்தினார். நனைந்த ரப்பர் துணி, சில்லென்று.

தகப்பன் மாரிமுத்து சட்டையைத் திறந்து குழந்தையை வெற்று மார்பில் அணைத்துக்கொண்டான். மேலே என் முந்தானையைச் சுற்றினேன்.

"என் சூடு பத்துமா அக்கா?"

"பத்தும்டா தம்பி."

வழியில் மம்பாவ் ஊரைத் தாண்டுவதற்குள் மூன்று முறை கேட்டுவிட்டான். நாலாவது முறை அவன் கேட்கவில்லை, நானும் மார்பைப் பார்க்கவில்லை. சிரம்பானில் சீன நர்ஸ் மிஸ்ஸி குழந்தையை வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் படுக்கவைத்தாள். சற்று நேரம் காதை வைத்துக் கேட்டாள். பிறகு வெளியே எடுத்துவிட்டாள். அந்தப் பெட்டிக்குள் நான் கைவிட்டுப் பார்த்தேன். அம்மா மடிபோல அத்தனை சூடு.

தோட்டத்துச் சுடுகாட்டில் புதைத்தோம். நான் அன்று புட்டிகளையே வைத்திருந்தால் என்று இன்றும் கணக்குப் போடுகிறேன். செல்லம்மா மட்டும் ஒரு நாளும் என்னை ஏசவில்லை.

வருகிற தை மாதம் அவர்கள் ஊருக்குக் கப்பலேறுவதாக இருந்தது. மாமியார் நாமக்கல்லிலிருந்து கடிதத்தின்மேல் கடிதம் போடுகிறாள். செல்லம்மாவோ தோட்டத்தில் கொடுத்த கம்பளியை அந்தப் பிள்ளையின் மண்மேல் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்திருக்கிறாள். மழையில் நனைந்தால் மறுநாள் வேலியில் உலர்த்தி, திரும்ப விரிக்கிறாள். எப்போது புறப்படுகிறாய் என்று கேட்டேன்.

"நான் போயிட்டா இத யாரு அக்கா காயவைக்கிறது?"