பெரியப்பா காப்பாற்றிய முட்டைகள்

எங்கள் பெரியப்பாவுக்குத் தெரிந்த வசவு ஒன்றே ஒன்றுதான்: கூமுட்டை. மொத்த முட்டை வியாபாரி வேறு எப்படித் திட்டுவார்? எதிர்க்கடைக்காரர் கூமுட்டை. நான் பிறவிக் கூமுட்டை. எல்லோரையும்விடப் பெரிய கூமுட்டை அவருடைய மாப்பிள்ளை. மகளை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார் என்கிற ஆற்றாமை, வேறொன்றுமில்லை. நேரில் பேச நேர்ந்தால் "இந்தாங்க" என்பதோடு சரி.

ஆனால் தொழிலில் மனிதரைக் குறை சொல்ல முடியாது. காதருகே வைத்து ஒரு ஆட்டு ஆட்டினால் முட்டையின் ஜாதகத்தையே சொல்லிவிடுவார். தன் கையிலிருந்து ஒரு கெட்ட முட்டை போனதில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம்.

பேத்தியின் பிறந்தநாளுக்காகப் பெரியம்மாவோடு விமானம் ஏறினார். அங்கே கடையில் ஒரு முட்டை விரிசல் என்று வேலை செய்யும் பெண் டஜன் பெட்டியையே குப்பையில் போட்டாள். இவர் கடையில் விரிசல் முட்டை பாதி விலைக்கு ஆம்லெட் வண்டிக்குப் போகும். குப்பைத்தொட்டி அருகே துக்கம் விசாரிக்க வந்தவர்போல் நின்றாராம். விலையைப் பார்த்ததும், "இந்தக் காசுக்கு கோழியே முட்டையோட வருமே!" என்றாராம்.

வீட்டிலோ, கேக்குக்கென்று முன்கூட்டியே வாங்கிய முட்டைகள் ஃப்ரிட்ஜில் இருந்தன.

"முட்டைக்கு எதுக்கும்மா குளிரு? என் கடையில ஃப்ரிட்ஜா இருக்கு?" என்று அத்தனையையும் எடுத்து, கூடையில் அடுக்கி, வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தார்.

"அப்பா, இங்க வெளிய வைக்கக் கூடாதாம். அவர் சொல்வார்."

"அவருக்கு முட்டையப் பத்தி என்ன தெரியும்? கேக் முட்டைக்கு நான் பொறுப்பு."

மாமனாராயிற்றே என்று மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பிறந்தநாள் வந்தது. கேக் செய்ய மாப்பிள்ளை மாவோடு நின்றார். பெரியப்பா பெருமையாக ஒரு முட்டையை எடுத்துக் காதருகே ஆட்டினார். முகம் மாறியது. அதற்குள் மாப்பிள்ளை இன்னொன்றை உடைத்துவிட்டார். நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"இங்க முட்டையக் கழுவித்தான் விப்பாங்க மாமா," என்றார் மாப்பிள்ளை, மூக்கைப் பொத்திக்கொண்டு. "ஓட்டு மேல இருக்கற காப்பு போயிடும். அதான் குளிர்லயே வைக்கணும்."

பேத்தி எட்டிப் பார்த்தாள். "என்னப்பா இது?"

"கெட்டுப்போச்சும்மா. கூமுட்டை."

"கூமுட்டை நீதானேப்பா? தாத்தா போன்ல அப்படித்தானே சொல்வாரு!"

பெரியம்மா சுவரைப் பார்த்தாள். மகள் ஜன்னலைத் திறக்கப் போனாள். பெரியப்பாவுக்கு அவமானத்தில் காது சிவந்துவிட்டது. கையிலிருந்த முட்டையைக் கூடையில் வைத்தார்.

"இல்லடா கண்ணு," என்றார். "அது தாத்தா."

புது முட்டை வாங்க மாப்பிள்ளை பையை எடுத்தார். பெரியப்பா அவசரமாகச் செருப்பை மாட்டினார்.

"நானும் வரேன் மாப்ள. விரிசல் முட்டை இருந்தா அந்தப் பொண்ணு கண்ணுல மட்டும் காட்டாதீங்க."