தொண்ணூற்றாறு மதிப்பெண் வாங்கியவள்

புதன்கிழமை காலை பத்தரை மணிக்குள் டோர்தே ஸ்கோவ் நாற்பத்தொன்றாம் பக்கத்தை ஒன்பது தடவை படித்துவிட்டாள். வரிக்கு அடியில் அளவுகோலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தாள். வரியின் முடிவுக்கு வரும்போது அதன் தொடக்கம் நழுவியிருந்தது. எண்கள் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. ஏழு ஏழாகத்தான் இருந்தது, மூன்று மூன்றாகத்தான் இருந்தது. ஒன்றோடொன்று பேச்சுவார்த்தையை மட்டும் நிறுத்திவிட்டிருந்தன.

கையில் இருந்தது ஓடென்ஸ நகருக்குத் தெற்கே ஒரு ரயில் பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற பலக் கணக்கு. நூற்றுப் பதினெட்டுப் பக்கம். விரிசல் விட்ட உத்தரம் ஒன்றை மாற்றியிருந்தார்கள். கணக்கைப் போட்டவர் வேறொருவர். பக்கம் பக்கமாகச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டியவள் டோர்தே. வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் கையெழுத்து வந்தால் சனிக்கிழமை விடியும்போது முதல் ரயில் ஓடும். அதற்குள் தன்னால் இதைப் படிக்க முடியவில்லை என்று அவள் யாரிடமாவது சொல்ல வேண்டும். கேட்பவர் அதை நம்பவும் வேண்டும். சொல்வதுகூட ஆகிற காரியம். நம்ப வைப்பதுதான் மலையாக நின்றது.

காரணம், அந்த அலுவலகத்திலேயே மன அழுத்தம் துளியும் இல்லாதவள் என்று பெயரெடுத்தவள் அவள்தான்.

டோர்தே மேற்குக் கடற்கரையில் லெம்வி என்ற ஊரில் பிறந்தவள். அப்பா பால் லாரி ஓட்டினார். அந்தக் காலத்துப் பள்ளியில் பதின்மூன்றுதான் உச்ச மதிப்பெண். பத்து வருடத்துக்கு ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால் அதிகம். கணக்கில் பதின்மூன்று வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தபோது அப்பா ரப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, “இதுக்கு மேல ஒண்ணும் கிடையாதாமா?” என்று கேட்டார். வேடிக்கைக்குக் கேட்டதுதான். அவள் அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டாள். பிறகு படிப்பு, வேலை, திருமணம், ஒரு மகள், வாரம் மூன்று நாள் ஓட்டம் என்று எல்லாவற்றிலும் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டே வந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அலுவலகம் ஒரு செயலியை வாங்கி எல்லோர் போனிலும் போட்டது. பெயர் ‘ரோ’. அவர்கள் மொழியில் அமைதி என்று பொருள். காலையில் எழுந்ததும் போனின் கேமரா மேல் விரலை வைத்தால் நாடி எப்படித் துடிக்கிறது என்று படிக்கும். பிறகு எட்டுக் கேள்வி கேட்கும்: தூக்கம் எப்படி, பசி எப்படி, மனம் எப்படி. முடிவில் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண். விருப்பம் உள்ளவர்களின் மதிப்பெண் மட்டும் உணவறைத் திரையில் திங்கள்தோறும் வரும் என்றார்கள். விருப்பமில்லை என்று சொன்னவர் ஒருவரும் இல்லை.

முதல் வாரம் டோர்தேக்கு ஐம்பத்தெட்டு வந்தது. ஐம்பத்தெட்டு! அவளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மூன்று வாரத்தில் அவள் செயலியைப் புரிந்துகொண்டாள். மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்து எட்டு எண்ணும் வரை விட்டால் நாடி அடங்குகிறது. எழுந்த உடனே அளக்கக் கூடாது. குளியலறைத் தரையில் பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும். ஒரு நாளில் மூன்று தடவை அளக்கலாம், பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். எல்லாக் கேள்விகளுக்கும் ஏழுக்கு ஏழு போட்டால் செயலி சந்தேகப்படுகிறது. இடையிடையே ஓர் ஆறு வேண்டும். மூன்று அளவெடுத்து நல்லதை மட்டும் வைத்துக்கொண்ட இளம் பொறியாளர் ஒருவரை அவள் ஒரு காலத்தில் திட்டப்பணியிலிருந்தே விலக்கியிருக்கிறாள். அது அவளுக்கு நினைவுக்கு வராமல் இல்லை. அது பாலம், இது நான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த வேறுபாட்டில்தான் எல்லாம் இருந்தது. தன்னை அளக்கிறார்கள் என்பது பாலத்துக்குத் தெரியாது. அது தெரிந்துவிட்ட பொருளை அளப்பவன் அந்தப் பொருளை அளப்பதில்லை, அதன் சாமர்த்தியத்தை அளக்கிறான்.

மதிப்பெண் தொண்ணூற்றாறுக்கு ஏறி அதை ஒட்டியே நின்றது. மார்ச் மாத ஊழியர் கூட்டத்தில் அவளையே மேடையேற்றி, எப்படிச் சமாளிக்கிறாள் என்று பதினைந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நன்றாகப் பேசினாள். கைதட்டல் ஓய்வதற்குள் கழிவறைக்குப் போனவளுக்கு மேல்கோட்டின் பொத்தானைப் போட விரல் வரவில்லை. கால் மணி நேரம் ஆயிற்று.

ஏப்ரலில் ஒரு வாரம் அலுவலகக் காலை விருந்துக்கு ரொட்டி வாங்கும் முறை அவளுடையது. வெள்ளிதோறும் யாராவது ஒருவர் எல்லோருக்கும் ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவர வேண்டும். மறந்தவர் பெயர் ஒரு மாதம் அடிபடும். டோர்தே இருபத்தெட்டு ரொட்டியைச் சுடச்சுட வாங்கிக்கொண்டு போய் அலுவலகக் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. தள்ளிக்கொண்டே இருந்தாள். வண்டி நிறுத்துமிடம் வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்த்த பிறகும், அன்று ஞாயிறு என்று உறைக்க நேரமாயிற்று. வாய்க்கால் ஓரம் காரை நிறுத்தி ரொட்டிகளை ஒவ்வொன்றாகக் கடற்காக்கைகளுக்கு எறிந்தாள். அன்று காலை ‘ரோ’ தொண்ணூற்றேழு கொடுத்திருந்தது.

புதன்கிழமை மாலை முதலில் கணவனிடம் சொன்னாள். தோர்கில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான்.

“எனக்கு எண்ணு படிக்க வரல.”

“கண்ணாடி மாத்தணும். நான் போன வருஷமே சொன்னேன்.”

“கண்ணு இல்ல. தலை. படிச்சது நிக்க மாட்டேங்குது.”

“ஒவ்வொரு வசந்தத்துக்கும் இதையேதான் சொல்ற. அப்புறம் ஜூன்ல பன்னெண்டு கிலோமீட்டர் ஓடுவ, நான்தான் சோபாவுல கெடப்பேன்.” கத்தியை வைத்துவிட்டு அவள் நெற்றியில் முத்தமிட்டான். “வெள்ளிக்கிழமை முடியட்டும். தூங்கு.”

அவன் கெட்டவன் அல்ல. பதினெட்டு வருடமாக அவள் சொன்னதையெல்லாம் நம்பியவன். அவற்றில் முக்கால்வாசி ‘நான் நல்லா இருக்கேன்’ என்பது.

வியாழக்கிழமை காபி இயந்திரத்தின் அருகே ப்ரேபெனைப் பிடித்தாள். ஓய்வுபெற ஐந்து வருடம் இருந்தவர், பாலக் கணக்கில் பழுத்தவர். உணவறைப் பட்டியலில் எப்போதும் கடைசி. அதில் அவருக்குப் பெருமை.

“ப்ரேபென், அந்த நூத்திப் பதினெட்டுப் பக்கத்தை நீங்க ஒரு தடவ பாக்க முடியுமா?”

“யாரு கேக்கறது? பட்டத்து ராணியா?” என்றார். “போன வாரம் எனக்கு முப்பத்தொம்போது. அந்தக் கருவி என்னைய ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொல்லுது. நீயே முடியலன்னா நாங்கல்லாம் போய்ச் சவப்பொட்டிக்குள்ள படுத்துக்கலாம்.”

“வேடிக்கை பண்ணல.”

ப்ரேபென் அவள் முகத்தைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவள் முகம் தானாகவே சிரித்துவிட்டது. அத்தனை வருடப் பழக்கம். அவரும் சிரித்துவிட்டுக் கோப்பையோடு போய்விட்டார்.

மதியம் ஹென்னிங்கின் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஹென்னிங் பொறியியல் கல்லூரியில் அவளுக்கு ஒரு வருடம் மூத்தவன், இப்போது கிளைத் தலைவன்.

“கையெழுத்துப் போட முடியாது ஹென்னிங். நாப்பத்தொண்ணாம் பக்கத்துலயே நிக்கறேன். நாலு நாளா.”

“கணக்குல தப்பு இருக்கா?”

“தெரியல. அதான் சொல்றேன். தப்பு இருக்கான்னு எனக்குத் தெரியல.”

“உனக்கா தெரியல?” அவன் நாற்காலியில் சாய்ந்தான். “பதினோரு வருஷமா உன் கையெழுத்து மேல ரயில் ஓடுது. பதட்டம், அவ்ளோதான். நேத்துகூடத் தொண்ணூத்தாறு.”

“அது பொய்.”

“எது?”

“எல்லாமே. ரெண்டு வருஷமா ஏமாத்தறேன். மூச்சை அடக்கி, மூணு தடவ அளந்து, நல்லதா பாத்து வெச்சுக்குவேன். என் நெஜமான நம்பர் என்னன்னு எனக்கே தெரியாது.”

ஹென்னிங் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு, “சரி, இப்ப அள,” என்றான். “என் எதிர்ல. ஏமாத்தாம.”

அவள் போனை எடுத்து விரலை வைத்தாள். விரல் நடுங்கியது. நெஞ்சுக்குள் யாரோ மாடிப்படியில் ஓடுவதுபோல் இருந்தது. நடுங்கட்டும், ஓடட்டும் என்று விட்டுவிட்டாள். வெளியே வரப்போகிறது என்ற எண்ணமே அவளுக்கு ஓர் ஆறுதலாகக்கூட இருந்தது. திரையில் வட்டம் சுற்றி நின்றது. எண் வரவில்லை. எழுத்து வந்தது: ‘இந்த அளவு உங்கள் வழக்கத்தோடு பொருந்தவில்லை. விரல் அசைந்திருக்கலாம். மீண்டும் முயலுங்கள்.’

“பாத்தியா, அதுவே நம்ப மாட்டேங்குது,” என்றான் ஹென்னிங். அவன் குரலில் நிம்மதி இருந்தது.

இரண்டாவது தடவையும் அதே வாசகம். மூன்றாவது தடவை விரலை வைத்தபோது, அவள் கேட்காமலேயே அவள் உடம்பு மூச்சை நான்கு எண்ணி இழுத்து எட்டு எண்ணி விடத் தொடங்கியது. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. நாய் தன் வீட்டுப் படியை அறிவதுபோல உடம்பு அந்தப் பொய்யை அறிந்து வைத்திருந்தது. நாடி ஒவ்வொரு துடிப்பாக அடங்கியது. திரையில் பச்சையாகத் தொண்ணூற்றொன்று விழுந்தது.

“வீட்டுக்குப் போ,” என்றான் ஹென்னிங் அன்பாக. “சூடா ஏதாவது சாப்பிடு. நாளைக்குப் பதினோரு மணிக்குக் கையெழுத்து.”

அன்று இரவு தோர்கிலிடமோ மகளிடமோ அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல இருந்த வார்த்தைகளையெல்லாம் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்ட அறையில் ஹென்னிங்கும் ப்ரேபெனும் இருந்தார்கள். ப்ரேபெனின் கையெழுத்து சாட்சிக்கு. கடைசிப் பக்கம் மேசையில் விரித்துக் கிடந்தது: ‘மேற்கண்ட கணக்குகள் முழுவதையும் சரிபார்த்தேன்.’ அதன் கீழே ஒரு கோடு.

டோர்தே பேனாவை எடுத்தாள். இரண்டு வழிதான் இருந்தது. கோட்டின் மேல் பெயரை எழுதினால் எழுந்து போகலாம். கணக்கு சரியாகவே இருக்கலாம், பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லின் மேல் சனிக்கிழமை காலை எத்தனை பேர் உட்கார்ந்து போவார்கள் என்று எண்ணிப் பார்த்தாள். அந்த எண்ணும் தலையில் நிற்கவில்லை.

அச்சிட்ட வரியைக் குறுக்காக அடித்தாள். அதன் கீழே தெளிவான கையெழுத்தில், ‘நாற்பத்தொன்றாம் பக்கத்துக்குப் பிறகு நான் எதையும் படிக்கவில்லை. படிக்க முடியவில்லை,’ என்று எழுதினாள். முழுப் பெயரையும் தேதியையும் போட்டாள். தேதியை ப்ரேபெனிடம் கேட்டுத்தான் போட்டாள்.

ஹென்னிங் தாளை இழுத்துப் படித்தான். “என்ன பண்ணியிருக்க நீ? இது பதிவேட்டுக்குப் போற தாள். இத வாயால சொல்லியிருக்கலாமே!”

“சொன்னேன்.”

“இப்படின்னு சொல்லல.”

எப்படிச் சொல்லியிருந்தால் கேட்டிருக்கும் என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

ப்ரேபென் தாளை வாங்கி மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்தார். வேடிக்கை ஒன்றும் சொல்லவில்லை. நூற்றுப் பதினெட்டுப் பக்கத்தையும் தன் பக்கம் இழுத்து முதல் தாளைத் திருப்பினார்.

“சனிக்கிழமை ரயில் இல்லன்னு சொல்லிடு ஹென்னிங்,” என்றார்.

“நாப்பத்தொண்ணு வரைக்கும் நான் பாத்துட்டேன்,” என்றாள் டோர்தே. “மிச்சம் மட்டும் போதும்.”

“இல்லம்மா.” அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “முதல்லேர்ந்து.”

அடி வாங்கியதுபோல் இருந்தது அவளுக்கு. பிறகு அவர் சொன்னதில் உள்ள நியாயம் மெல்ல உள்ளே இறங்கியது. இறங்கி, நாற்பத்தொன்றோடு நிற்காமல் பின்னோக்கி நடந்தது. ஏப்ரல். மார்ச். பொத்தான் போட வராத விரல். அந்த விரல்களால் போட்ட கையெழுத்துகள்.

“இன்னும் இருக்கு,” என்றாள்.

“என்ன இருக்கு?” என்றான் ஹென்னிங்.

“ஜனவரியிலேர்ந்து நான் பாத்துக் கொடுத்தது. மூணு பாலம். மூணுலயும் இப்ப ரயில் ஓடுது.”

ப்ரேபென் பென்சிலை எடுத்து ஒரு வெற்றுத் தாளை முன்னால் வைத்துக்கொண்டார். “சொல்லு.”

முதலாவதின் பெயரைச் சொன்னாள். அவர் எழுதினார். இரண்டாவதின் பெயரைச் சொன்னாள். அவர் எழுதினார். மூன்றாவதுக்கு வாயைத் திறந்தாள். சிவப்புச் செங்கல் தூண், அடியில் சதுப்பு நிலம், பிப்ரவரியில் பனிச்சேற்றில் அங்கே போய் நின்றது, எல்லாம் கண்ணில் வந்தது. பெயர் மட்டும் வரவில்லை.

ப்ரேபென் பென்சிலோடு காத்திருந்தார். ஹென்னிங் எழுந்து, பதிவேடு இருந்த அலமாரியைத் திறந்தான்.