முதல் மரக்கால்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அப்படிப்பட்டவளிடம் வந்துதான் எங்கள் உபதேசியார், "புள்ளைகளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனா மட்டும் பத்தாது. வீட்டுலயும் உக்காரவச்சுப் படிக்க வைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கோவிலில் செபம் சொல்லிக் கொடுப்பதும், கோவிலை ஒட்டிய கூரைக் கொட்டகையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதும் அவர்தான். என் மகள் அப்போது முதல் வகுப்பில் இருந்தாள்.

அவர் சொன்னது என்னை ஆட்டிப் படைத்ததற்குக் காரணம் இருந்தது. பெரியகுளத்தில் என் நாத்தனாருக்குப் பிள்ளை பிறந்திருந்தது. தொட்டில் ஆட்ட ஆள் வேண்டும், அண்ணன் மகளை அனுப்பு என்று ஆள்மேல் ஆள் சொல்லிவிட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டுக்காரருக்குத் தங்கை சொல் வேதவாக்கு. நான் கத்தினேன், இரண்டு வேளை பட்டினி கிடந்தேன். கடைசியில் அவர் ஒரு வழிக்கு வந்தார்.

"மதுரையில இருந்து இன்ஸ்பெக்டரு பரீட்சை எடுக்க வாராகல்ல? அதுல தேறுனா இங்கன இருக்கட்டும். தேறலைன்னா அறுப்பு முடிஞ்ச கையோட வண்டியில ஏத்தி விட்டுருவேன்."

தொட்டில் ஆட்டப் போன பிள்ளை எந்த ஊரில் திரும்பி வந்து சிலேட்டைப் பிடித்திருக்கிறது? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆற்று மணலைச் சலித்துச் சொளகில் பரப்பி அவள் முன்னால் வைத்தேன். நான் கம்பு இடிப்பேன், அவள் மணலில் விரலால் எழுதுவாள். எழுதி முடித்ததும் சொளகை ஒரு தட்டுத் தட்டுவாள். அழிந்துவிடும். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அவள் 'ஆனா' என்றால் அது ஆனா. அது தப்பாக இருந்துவிட்டால்? அந்த நினைப்பு வந்ததும் உலக்கையைச் சாத்திவிட்டுக் கிணற்றடிக்கு ஓடுவேன். உபதேசியார் சம்சாரம் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பார். ஈரத் தரையில் கால் விரலால் அந்த எழுத்தைக் கீறிக் காட்டி, "இது சரிதானாக்கா?" என்பேன்.

"பரீட்சை ஒனக்கா, ஒம்மகளுக்கா?" என்று அவர் சிரிப்பார்.

"ரெண்டு பேருக்குந்தான்" என்பேன். இப்படி ஓடி ஓடித்தான் எனக்கும் எழுத்து வந்தது.

கணக்கு விஷயத்தில் நான் யாரையும் கேட்கவில்லை. எண்ணத் தெரியும் என்ற திமிர். சோளம் அளக்கும்போது, புளியங்கொட்டையை உழக்கில் அள்ளும்போது, நான் சொல்லச் சொல்ல அவளும் கூடவே சொல்வாள். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் கத்துவதால் இவள் என்ன சொல்கிறாள் என்று உபதேசியாருக்குத் தனியாகக் கேட்டிருக்காது.

பரீட்சை அன்று பெண்கள் வேலிக்கு வெளியே நின்றோம். மற்றவர்கள் நின்றார்கள்; நான் வேலியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். எழுத்துப் பரீட்சையில் மகள் மளமளவென்று எழுதினாள். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். என் வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. பிறகு மேசைமேல் புளியங்கொட்டைகளைப் போட்டு எண்ணச் சொன்னார்.

மகள் ஒரு கொட்டையைத் தள்ளி வைத்தாள். "லாபம்" என்றாள். "ரெண்டு. மூணு. நாலு..."

எங்கள் பக்கத்தில் தானியம் அளக்கும்போது முதல் அளவை யாரும் ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்றுதான் தொடங்குவார்கள். ஒன்று என்றால் ஒன்றோடு போய்விடும் என்று பயம். அளந்து அளந்தே எண்ணக் கற்ற பிள்ளை வேறு எப்படிச் சொல்லும்?

"முதலில் இருந்து சொல்லம்மா. ஒன்று..." என்றார் இன்ஸ்பெக்டர். மகள் வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. வேலிச் சந்தில் முகத்தை விட்டு, "ஒன்னுன்னு சொல்லுடி!" என்று கத்தினேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒன்னுன்னு சொன்னா வெளையாதுன்னு நீதான ஆத்தா சொன்ன?"

கொட்டகையே சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை, என்னவோ எழுதிக்கொண்டார். எழுத்தில் தேறினாள், கணக்கில் தேறவில்லை என்று சாயங்காலம் உபதேசியார் வந்து சொன்னார். வீட்டுக்காரர் கோபப்படக்கூட இல்லை. "வண்டிக்குச் சொல்லிட்டேன். நாளைக்கு நெல்லு அளந்து முடியட்டும்" என்றார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

மறுநாள் களத்தில் நெல் அம்பாரமாகக் கிடந்தது. அறுப்பு ஆட்கள் சுற்றி நின்றார்கள். மகள் தன் துணி மூட்டையை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஓரத்தில் வண்டி நின்றது. நான் அம்பாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வீட்டுக்காரர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு மரக்காலை நிறைய அள்ளினார். கணீரென்று சொன்னார்:

"லாபம்!"

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"நிறுத்துங்க. இந்தக் கணக்கச் சொல்லித்தான் எம்மக தேறாமப் போனா. அப்ப நீங்களும் தேறலை. நீங்களும் வண்டியில ஏறுங்க. ஒங்க தங்கச்சி புள்ளைக்கு அப்பனும் மகளுமாச் சேந்து தொட்டில் ஆட்டுங்க."

ஆட்களில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் செருமினார்கள். அவர் முகம் கறுத்தது. மரக்காலை என்மேல் எறிவார் என்றே நினைத்தேன். அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"இன்ஸ்பெக்டரு என்னன்னு சொல்லச் சொன்னாக?"

மகள் அம்பாரத்தைப் பார்த்தாள். "சொல்ல மாட்டேன், ஐயா. நம்ம வயல் வெளையாமப் போயிரும்."

அந்தப் பிள்ளை நேற்று எதற்காக வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. தெரியாமல் இல்லை, எங்கள் வயலுக்காக.

வீட்டுக்காரர் அள்ளின நெல்லைத் திரும்ப அம்பாரத்தில் கொட்டினார். மறுபடியும் மரக்காலை நிரப்பினார்.

"ஒன்னு" என்றார்.

"ஐயையோ, மாமா!" என்றான் அறுப்பு ஆள் ஒருவன். அவர் அவனைப் பார்க்கவே இல்லை. மகளைப் பார்த்து, "இப்ப நீ சொல்லு" என்றார். அவள் எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது மாதிரி, "ஒன்னு" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து, "ரெண்டு" என்றார்கள்.

அடுத்த வருஷம் விளைச்சல் எப்படி என்று கேட்காதீர்கள். நாத்தனார் வெகுநாள் என்னோடு பேசவில்லை. அன்றைக்குப் பெரியகுளம் போன வண்டியில் ஒரு மூட்டை நெல் மட்டும்தான் போனது.